காய்ந்திருக்க வேண்டிய மை

அத்தியாயம் 3

செத்தவளின் கடிதத்தில் ஒரே ஒரு சொல்தான் கலைந்திருந்தது. ‘அக்கா’ என்கிற சொல்.

செல்போனில் இருந்த படத்தை விரல்களால் அகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் சர்வேயர். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களைச் சுற்றி வந்து, தானாகப் பிடித்த தீ எது, வைத்த தீ எது என்று பிரித்துச் சொன்ன மனிதர். ஓய்வுபெற்றுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பழைய பட்டம் அவரை விடவில்லை.

பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு அவருடைய உதவியாளர். தூங்கும்போது மட்டுமே வாய் மூடும் என்பதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். வைத்தது சர்வேயர்தான்.

“இது எப்படிக் கலைஞ்சுது?”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கினாள். நாற்பது வயது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. செத்துப்போன கணக்கு டியூஷன் டீச்சரின் கூடப் பிறந்த அக்கா.

“நான்தான் சார். ஸ்டேஷன்ல லெட்டரைக் கையில குடுத்தாங்க. கண்ணுல இருந்து தண்ணி அது மேலேயே விழுந்துடுச்சு. சாட்சியத்து மேல அழுது வைக்காதீங்கம்மான்னு இன்ஸ்பெக்டர் திட்டினார்.”

கடிதம் நாலே வரி. அச்சிட்டது, கையெழுத்து இல்லை.

‘என் சாவுக்கு யாரும் காரணம் இல்லை. இனிமேல் நீ என் தங்கச்சியே இல்லை என்று அக்கா சொன்ன பிறகு எனக்கு யாரும் இல்லை. என்னைத் தேட வேண்டாம். மன்னிக்கவும்.’

“முதல் வரில யாரும் காரணம் இல்ல. ரெண்டாவது வரில அக்கா காரணம்” என்றாள் ரேடியோ. “கணக்கு டீச்சர் எழுதின மாதிரியா இருக்கு? விடை ஒத்து வரலையே.”

“ரேடியோ, வால்யூம்.”

அவள் அடங்கினாள். மூத்தவள் மட்டும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா அந்த வார்த்தையை நான் சொன்னேன், சார். புதன்கிழமை சாயந்திரம் போன்ல சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு நாலாவது மாடியிலேர்ந்து விழுந்துட்டா. நடுவுல மூணு நாள் நான் கூப்பிடல. அவளும் கூப்பிடல.”

“எதுக்குச் சண்டை?”

“சொன்னா சிரிப்பீங்க. பிரிண்டருக்கு. பசங்களுக்கு கேள்வித்தாள் போட மெஷின் வாங்கணும்னு ஒரு மாசமா கடை கடையா ஏறி இறங்கிட்டிருந்தா. எங்க வீட்ல ஒண்ணு சும்மா கிடக்குது, வந்து எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். உன் வீட்டுப் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம்னு பட்டுனு சொல்லிட்டா. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்.”

அவள் பக்கத்தில் இருந்த மனிதர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கணவர். பரீட்சைப் பிரிவு அலுவலகத்தில் சூப்பிரண்டு. இஸ்திரி கலையாத சட்டை, தணிந்த குரல்.

“ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடல சார். எழுதி வெச்சதை மாத்த முடியாதும்மான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறா. சாயந்திரம் அஞ்சு மணிக்கு பாடியைக் குடுக்கறாங்க. நல்லபடியா காரியத்தை முடிச்சுட்டா, கொஞ்சம் கொஞ்சமா மனசு ஆறும். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

“அக்கா, தண்ணி குடிங்க” என்று டம்ளரை நீட்டினாள் ரேடியோ.

அந்த விளி கேட்டதும் அந்தப் பெண்ணின் தோள்கள் சுருங்கின, யாரோ கை ஓங்கியதைப் போல. ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டு, “மேடம்” என்று திருத்தினாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும், சார்” என்றாள் மூத்தவள். “அவளைக் கொன்னது நானா, இல்லையா?”

சர்வேயர் போனைக் கவிழ்த்து வைத்தார். “நீங்க சொன்ன அந்த வார்த்தை வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்ற மாதிரியா இருக்கு?”

அவர்கள் படியிறங்கியதும் சர்வேயர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். மறுமுனையில் கொட்டாவிக்கு நடுவே பதில் வந்தது.

“குதிச்சாங்களா தள்ளினாங்களான்னு எலும்பு சொல்லாது சார். கதவு உள்ள தாழ் இல்ல, சும்மா சாத்தினாலே பூட்டிக்கற ரகம். புது பிரிண்டர் ஆன்ல இருந்துச்சு, லெட்டர் அதோட தட்டுல இருந்துச்சு. அவங்க மெஷின், அவங்க லெட்டர். வேற என்ன வேணும்?”

“கம்ப்யூட்டர்ல அந்த லெட்டர் இருந்துச்சா?”

“இல்ல. அழிச்சிருப்பாங்க.”

“சாகப்போற மனுஷி கடைசியா கம்ப்யூட்டரைத் துடைச்சு சுத்தம் பண்ணிட்டா போவா?” என்று ரேடியோ குறுக்கே கேட்டது போன் வரை கேட்டிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வைத்துவிட்டார்.

சர்வேயர் எழுந்து குடையை எடுத்தார். மழை இல்லை. யோசிக்கும்போது அவருக்குக் கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

“பிரிண்டர் கடை, ரேடியோ. டீச்சர் வாங்கின கடை.”

“நமக்கும் ஒண்ணு வாங்கப் போறோமா?”

“அந்த அம்மா கண்ணுல தண்ணி வந்தது சரி. அந்தத் தண்ணிக்கு எழுத்து ஏன் கலைஞ்சுது?”

*

கடை ஒடுக்கமாக இருந்தாலும் ஆழமாக இருந்தது. இரண்டு சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை பிரிண்டர்கள். கல்லாவில் இருந்தவருக்கு வலது கை விரல்களில் ஆளுக்கொரு நிறம். கட்டைவிரல் கறுப்பு, அடுத்தது நீலம், நடுவிரல் சிவப்பு, மோதிர விரல் மஞ்சள்.

“சுண்டு விரல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் ரேடியோ.

“அது சாப்பாட்டுக்கு” என்றார் கடைக்காரர், முகம் மாறாமல். “வீட்டுக்கா, ஆபீஸுக்கா?”

“வீட்டுக்குத்தான். மை ஊத்தற ரகம்.”

“வாரத்துக்கு எத்தனை பக்கம் போடுவீங்க?”

“வாரத்துக்கா? மாசத்துக்கு ரெண்டு போட்டா அதிகம்.”

“அப்போ இங்க் டேங்க் உங்களுக்கு வேண்டாம். போயிட்டு வாங்க.”

“விக்கிறவரே விரட்டறீங்க?”

“வித்துட்டு ஆறு மாசம் கழிச்சு உங்ககிட்ட வசவு வாங்கறதுக்கு இது மேல். கறவை மாடு மாதிரிம்மா இது. கறக்கணும். கறக்காம விட்டா மடி கட்டிக்கும். மை தெளிக்கற ஹெட்ல இருக்கற ஓட்டை தலைமுடியை விடச் சின்னது. ரெண்டு மூணு மாசம் சும்மா போட்டு வெச்சா மை காஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் நீங்க என்ன அச்சடிச்சாலும் பக்கம் பூரா வெள்ளைக் கோடு. ஹெட் கிளீனிங்னு ஒரு பட்டன் இருக்கு, நாலஞ்சு தடவை அடிச்சா சில சமயம் தெறக்கும். ஆனா அதுலயே தொட்டி மை பாதி போயிடும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது போடறவங்க வாங்கணும். நிறையப் போடறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.”

சர்வேயர் டீச்சரின் படத்தைக் கல்லா மேல் வைத்தார். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

“இவங்களா?” நிறம் பூசிய விரல்கள் படத்தைத் தொடாமல் காற்றில் நின்றன. “வெள்ளிக்கிழமைதானே நானே போய் மை ஊத்தி, டெஸ்ட் பேஜ் போட்டுக் குடுத்தேன்? நாப்பது பசங்க வர்றாங்க, இனிமே கடைக்கு ஓட வேண்டாம்னு சந்தோஷமா சொன்னாங்களே.”

“ஞாயித்துக்கிழமை போயிட்டாங்க.”

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

“அவங்க மாதிரி வாங்கினவங்களை நான் பாத்ததே இல்ல” என்றார் பிறகு. “மூணு தடவை வந்தாங்க. கலர், ஸ்பீடு, வைஃபை எதையும் கேக்கல. ஒரே கவலை தண்ணி. பசங்க பைல தண்ணி பாட்டில் ஒழுகி, கேள்வித்தாள் எல்லாம் கறுப்புக் குழம்பா ஆயிடுதாம். தண்ணி பட்டாலும் நிக்கற எழுத்து வேணும்னாங்க. இதோ, பாருங்க.”

எழுந்து அடுத்தடுத்து இருந்த இரண்டு மெஷின்களைக் காட்டினார். ஒரே உடம்பு, ஒரே மூடி, ஒரே பட்டன்.

“ரெட்டைப் பிள்ளைங்க” என்றாள் ரேடியோ.

“பெத்த கம்பெனியே ஸ்டிக்கரைப் பாத்துத்தான் சொல்லும். வித்தியாசம் கறுப்பு பாட்டில்ல மட்டும். இடது பக்கத்துல ஊத்தறது தண்ணில கரையற சாயம். டைன்னு சொல்லுவோம். வலது பக்கத்துல பிக்மென்ட். பொடியா அரைச்ச கறுப்பு, காகிதத்து மேல ஒட்டி உக்காந்துக்கும். விலை கொஞ்சம் கூட. டீச்சர் யோசிக்கவே இல்ல, வலது பக்கம்னாங்க.”

இரண்டிலும் ஒவ்வொரு பக்கம் அடித்தார். விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டிலும் ஒரே இடத்தில் தொட்டார். வலது பக்கத்து எழுத்து அசையவில்லை. இடது பக்கத்து எழுத்து ஊறி, விளிம்பில் ஊதா படர்ந்து, முகம் அழிந்துபோனது.

சர்வேயர் தன் போனில் வாங்கி வைத்திருந்த கடிதத்தின் படத்தைத் திருப்பிக் காட்டினார். ‘அக்கா’வைச் சுற்றி அதே ஊதா.

“இது எந்த மெஷின்?”

“இடது பக்கத்துது.”

“டீச்சர் வீட்ல இருக்கறது?”

“வலது. நான்தானே ஊத்தினேன்? இது அவங்க வீட்டு மெஷின்ல அடிச்சது இல்ல, சார். சத்தியமா இல்ல.”

ரேடியோ பேனாவை மூடினாள். எங்கேயோ அச்சடித்த கடிதத்தை யாரோ கொண்டு வந்து டீச்சரின் புது மெஷின் தட்டில் வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே, மையும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறார்கள்.

“இடது பக்கத்து மாடல் எத்தனை வித்திருப்பீங்க?” என்றார் சர்வேயர்.

“இந்த வட்டாரத்துல மட்டும் நூறுக்கு மேல போகும். டீச்சரோட அக்கா வீட்லயே ஒண்ணு இருக்கே.”

சர்வேயரின் குடை தரையில் ஒரு முறை தட்டியது.

“அவங்களே சொன்னாங்க சார். அக்கா வீட்ல ஒண்ணு எட்டு மாசமா தூங்குது, எடுத்துக்கலாமான்னு முதல் தடவை வந்தப்போ கேட்டாங்க. எட்டு மாசம்னா ஹெட் காஞ்சிருக்கும், வேண்டாம்னேன். மூணாவது தடவை வந்தப்போ நானே, வேணா கொண்டு வாங்க, கிளீனிங் பண்ணிப் பாக்கலாம்னேன். முகம் மாறிப் போச்சு. நல்லா ஓடினாலும் அந்த வீட்டு மெஷின் எனக்கு வேண்டாம்னாங்க.”

*

ஸ்கூட்டரை ரேடியோதான் ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டும் வரை அவள் ஒன்றும் பேசாதது சர்வேயருக்கே சங்கடமாக இருந்தது.

“சொல்லிடு. வயித்துக்குள்ள வெச்சுக்காத.”

“அந்த வார்த்தை தெரிஞ்ச ஒரே ஆள் அக்கா. அந்த மாதிரி மெஷின் இருக்கறது அக்கா வீட்ல. நம்மளைத் தேடி வந்து அழுதது அக்கா.” அவள் ஹாரனைத் தேவைக்கு மேல் அழுத்தினாள். “நம்மகிட்ட வந்தவங்களே குற்றவாளின்னா இந்தத் தொழிலுக்கே ஒரு கும்பிடு சார். நான் ஊறுகாய் போடப் போறேன்.”

“காஞ்சு போன மெஷின்ல லெட்டர் அடிக்க முடியாதே?”

“அது காஞ்சுதான் கிடக்குதான்னு நாம பாக்கலையே.”

“அதுக்குத்தான் போறோம்” என்றார் அவர்.

மணி மூன்றரை. கதவைத் திறந்த மூத்தவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக இருந்தாள். துடைத்து வைத்தாற்போன்ற வீடு. சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கவரில் தங்கையின் அடையாள அட்டை. மூலையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், தலையணை உறை போட்டு மூடிய ஒரு பொருள்.

“பிரிண்டரா? அது செத்து எட்டு மாசம்...” தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு அவளே நின்றாள். “காஞ்சு போச்சு சார். பட்டனைத் தட்டினா வெறும் கோடுதான் வந்துச்சு. நாங்க யாரும் தொடறதே இல்ல.”

சர்வேயர் உறையை எடுத்தார். குனிந்து, முன்பக்கத்துக் கண்ணாடி வழியாகத் தொட்டிகளைப் பார்த்தார். கறுப்புத் தொட்டியில் மை அடியில் கிடந்தது. அதற்கு மேலே ஒன்றரை விரல்கடை உயரத்தில் ஒரு பழைய கோடு, காபி குடித்து வைத்த டம்ளரின் உள் விளிம்பில் தங்குவது போல. எட்டு மாதம் அந்த உயரத்தில் அசையாமல் நின்ற மை, அண்மையில் ஒரே மூச்சில் இறங்கியிருக்கிறது.

“ரேடியோ, நாசில் செக் போடு. எந்த ஓட்டையாவது அடைச்சிருக்கான்னு பாப்போம்.”

ஒரு தாளை வைத்துப் பட்டனை அழுத்திக்கொண்டே நின்றாள் ரேடியோ. கண் மட்டும் மூத்தவளின் முகத்தை விட்டு நகரவில்லை. மெஷின் தொண்டையைச் செருமியது. தாள் இறங்கியது. கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு நிறத்தில் படிப்படியாகக் குட்டிக் கோடுகள். ஒரு கோடு கூட அறுந்திருக்கவில்லை.

“அட, ஓடுதே!” என்றாள் மூத்தவள். குழந்தை மாதிரி வெறும் ஆச்சரியம். “ஓடும்னு தெரிஞ்சிருந்தா நானே தூக்கிட்டுப் போய் அவ வீட்ல வெச்சிருப்பேனே. சண்டையே வந்திருக்...”

வாக்கியம் பாதியில் விழுந்தது. ரேடியோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஊறுகாய் போட வேண்டியதில்லை. அந்த ஆச்சரியத்தை யாராலும் நடிக்க முடியாது.

“எட்டு மாசம் சும்மா கிடந்த மெஷின் இவ்வளவு சுத்தமா அடிக்கக் கூடாதும்மா” என்றார் சர்வேயர். “யாரோ உக்காந்து, திரும்பத் திரும்பக் கிளீனிங் போட்டு, அடைப்பை எடுத்திருக்காங்க. தொட்டியைப் பாருங்க, எவ்வளவு மை போயிருக்கு. உங்க சண்டையைப் பத்தி யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்லன்னு காலையிலயே...”

“வீட்ல?”

“வீட்ல அவர்கிட்ட சொல்லி அழுதேன். அது...” அவள் சர்வேயரைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். “அவர்கிட்ட சொன்னது எப்படி சார் வெளியில சொன்னதாகும்?”

“புருஷன்கிட்ட சொன்னதை எந்தப் பொண்டாட்டியும் கணக்குல சேக்கறதில்ல. உங்க மேல தப்பில்ல. நான்தான் காலைல வேற மாதிரி கேட்டிருக்கணும்.”

“அவர் அவளைப் பெத்த பொண்ணு மாதிரி...” என்று ஆரம்பித்தவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம மெஷினை அவளுக்குக் குடுன்னு சொன்னதே அவர்தான். நான் கொண்டு போய் வெச்சு ஓட வெக்கறேன், கொஞ்சம் ஆபீஸ் வேலையும் அங்கயே போட்டுக்கலாம்னார்.”

“பரீட்சைப் பிரிவு வேலையை டியூஷன் டீச்சர் வீட்லயா?” என்றாள் ரேடியோ. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. “நாப்பது பசங்களுக்குக் கேள்வித்தாள் அடிக்கற வீட்ல, வரப்போற பரீட்சையோட கேள்வித்தாள் நடுவுல கிடந்தா யாருக்குத் தெரியும்?”

உன் வீட்டுப் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம். அந்த வாக்கியம் இப்போதுதான் முழுசாக வந்து சேர்ந்தது என்பது மூத்தவளின் முகத்தில் தெரிந்தது. தங்கை வெறுத்தது அக்காவை இல்லை.

அவள் அழவில்லை. நாசில் செக் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைச் சொட்டு மட்டும் விழும்படி திறந்து, கறுப்புக் கோட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு வாங்கினாள். வருடக்கணக்காக மற்றவர்களின் ரத்தத்தைச் சோதித்த கை நடுங்கவில்லை. ஊதா படர்ந்தது. ரிசல்ட் எதுவானாலும் முகத்தில் காட்டக் கூடாது என்பது லேபில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

“இது போதுமா சார்?”

“போதாது. இதே மெஷின் ஊர்ல நூறு இருக்கு. எனக்குச் சந்தேகம் வந்திருக்கு, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் இதைக் கையாலகூடத் தொட மாட்டார். அஞ்சு மணிக்கு மேல எல்லாம் எரிஞ்சு போயிடும்.”

கீழே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“உள் ரூமுக்குப் போங்க” என்றாள் அவள். “ஸ்கூட்டரைப் பாத்திருக்க மாட்டார், அவர் காரை எப்பவும் அந்தப் பக்கம்தான் நிறுத்துவார்.” நாசில் செக் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். தலையணை உறையை மறுபடி மெஷின் மேல் போட்டாள்.

*

உள் அறைக் கதவின் இடுக்கில் ரேடியோவுக்கு ஒரு கீற்றுதான் கிடைத்தது. மேஜையின் பாதி, மூலையில் மெஷின்.

“கிளம்பலையா இன்னும்?” சூப்பிரண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். “அஞ்சுக்குள்ள கையெழுத்துப் போட்டாதான் இன்னைக்குக் குடுப்பாங்க.”

“ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சுங்க. அவ அடையாள அட்டை காப்பி ரெண்டு வேணுமாம். இல்லன்னா நாளைக்கு வாங்கங்கறாங்க.”

“நாளைக்கா? அதெல்லாம் முடியாது. தெருமுனைல அடிச்சுக்கலாம், வா.”

“மெஷின் ரிப்பேர்னு மத்தியானமே கடையைச் சாத்திட்டாங்க. பரவாயில்லங்க, நாளைக்கே வாங்கிக்கலாம். இன்ஸ்பெக்டர்கிட்டயும் ஒரு தடவை பேசிட்டு...”

“அவர்கிட்ட இன்னும் என்ன பேச்சு?” அவர் கையை நீட்டினார். “அட்டையைக் குடு.”

உறை தரையில் விழுந்தது. சுவர் சுவிட்ச், மெஷின் சுவிட்ச், மூடி. அட்டையைக் கண்ணாடி மேல் கவிழ்த்தார். பின்பக்கத்தில் தாள் வைத்தார். மெஷின் செருமிக்கொண்டு ஒரு காப்பியைத் துப்பியது. இன்னொன்று. கறுகறுவென்ற எழுத்து, ஒரு வெள்ளைக் கோடு கூட இல்லை.

“இந்தா. பாத்தியா, தட்டினா ஓடுது. அதிர்ஷ்டம்தான். கிளம்பு.”

மூத்தவள் காப்பிகளை வாங்கவில்லை.

“ரெண்டு காப்பி கேட்டேன்” என்றாள். “ரெண்டே ரெண்டு தாள் வெச்சீங்க.”

“அதுக்கென்ன?”

“எட்டு மாசமா காஞ்சு கிடக்கற மெஷின். ஓடுமோ ஓடாதோன்னு நினைக்கறவங்க சோதனைக்குன்னு நாலு தாள் கூட வெப்பாங்க. நீங்க எண்ணி ரெண்டு வெச்சீங்க. அது ஓடும்னு உங்களுக்குத் தெரியும்.”

“என்ன உளர்ற? துக்கத்துல புத்தி...”

உள் அறைக் கதவு திறந்தது. சூப்பிரண்டு சர்வேயரைப் பார்த்தார், பிறகு ரேடியோவைப் பார்த்தார். கையிலிருந்த காப்பிகளை மேஜை மேல் வைத்தார்.

“நான் பேசத்தான் போனேன்” என்றார்.

“லெட்டரை அச்சடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டு யாரும் பேசப் போறதில்ல” என்றார் சர்வேயர்.

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. மெஷின் பக்கத்திலேயே, தரையில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார். “நான் கேள்வித்தாளை வெளியில விக்கறது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. காலைப் பிடிக்காத குறையா கேட்டேன். என் வேலையே போயிடும், விட்டுடுன்னேன். கேக்கல.”

மூத்தவள் அவர் எதிரில் குனிந்து உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை.

“கடைசியா அவ என்ன சொன்னா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன சொன்னா?”

“போலீஸுக்குப் போகப் போறியான்னு கேட்டேன். அதைப் பத்தி அக்காதான் முடிவு பண்ணணும்னா. சாயந்திரம் அக்கா வீட்டுக்கு வந்து, நானே பக்கத்துல உக்காந்து சொல்றேன், வேற யார் வாயாலயும் அவ கேக்கக் கூடாதுன்னா.”

“இங்க வர்றதா இருந்தாளா?”

“ம்.”

“ஞாயித்துக்கிழமை சாயந்திரமே?”

“ம்.”

ரேடியோ போனை எடுத்து இன்ஸ்பெக்டரின் எண்ணைப் போட்டு, சர்வேயரிடம் நீட்டினாள்.

மூத்தவள் எழுந்தாள். மெஷினின் மூடியைத் திறந்து, கண்ணாடி மேல் குப்புறக் கிடந்த அட்டையை எடுத்துத் திருப்பினாள். தங்கையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டினாள்.

“இனிமே இன்னைக்குக் குடுக்க மாட்டாங்கம்மா” என்றார் சர்வேயர், போனைக் கையால் மூடிக்கொண்டு. “கொலைன்னு ஆனதும் மறுபடி பரிசோதனை பண்ணணும்பாங்க. நாளைக்கோ, நாளன்னைக்கோ.”

“குடுக்கறப்போ குடுக்கட்டும், சார். அதுவரைக்கும் நான் ஆஸ்பத்திரில அவளை வெச்சிருக்கற அறை வாசல்ல உக்காந்திருக்கேன்.”